ஒண்ணா

பக்கத்துக்கு நானூற்றைம்பது ரூபா,
முத்திரையும் சேர்த்து.
களுவாஞ்சிகுடியில்
போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில்
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் நான்.
பிறப்பத்தாட்சி, இறப்பத்தாட்சி, பொலிஸ் முறைப்பாடு,
கோயில் தலைவர் கொடுத்த நற்சான்று
எல்லாம் என் மேசைக்கு வந்து இங்கிலிசாகும்.

கிருபைநாதன் கொண்டுவந்தது இங்கிலிசில் இரண்டே தாள்.
"என்ன எழுதியிரிக்கு எண்டு பார்த்துச் சொல்லுங்கக்கா."
நடுக்கடலில், அவர்களின் கப்பல் தட்டில் இருத்தி,
தொலைபேசியில் ஒரு குரல் கேட்ட நாலு கேள்வி.
பெயர். ஊர். யாரோடு வந்தாய். ஏன் வந்தாய்.
ஓந்தாச்சிமடத்திலிருந்து இருபத்திரண்டு நாள் ஓடிய வள்ளத்துக்கு
பதினொரு நிமிடத்தில் தீர்ப்பு.

நாலாவது பதிலில் விரல் நின்றது.
"குடும்பத்துடன் ஊரில் ஒன்றாக வாழ விரும்புகிறார்."
அப்படி விரும்புகிறவன் ஏன் கடலில் ஏறினான் என்று கேட்க
அங்கே ஐந்தாம் கேள்வி இருக்கவில்லை.

"நீ என்ன சொன்னாய்?"
"குடும்பத்தோட ஊரில இரிக்க ஒண்ணா எண்டன்.
மறுகா லைன் வெட்டிட்டு."

ஒண்ணா.
எங்களுக்கு அது ஏலாது, முடியாது, வழியில்லை.
அந்தக் குரல் எந்தக் கரைத் தமிழோ,
அந்தக் கரையில் ஒண்ணா என்றால் சேர்ந்து.
சொல்லொணாத் துயரம் என்று மேடையில் முழங்கினால்
இரண்டு கரைக்கும் விளங்குகிறது.
அதே சொல்தான்.
ஓந்தாச்சிமடத்தான் வாயில் வந்தால்
வேறாகக் கேட்கிறது.

கொப்பிக் கடைத் தில்லையம்பலம்
தாளை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"கள்ளமாப் போனவன்தானே, பிள்ள.
வாசலிருக்க வேலி பாய்ஞ்சா
ஆரும் புடிச்சுத்தான் அனுப்புவான்."
எனக்குப் பதில் வரவில்லை.
கிருபைநாதனும் மறுக்கவில்லை.
"அனுப்பட்டும் அண்ண. கேட்டுட்டு அனுப்பட்டும்."

சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெரிய சொல் உண்டு.
அதைத் தமிழாக்க மூன்று அகராதி புரட்டியிருக்கிறேன்.
உரிய நடைமுறை. முறைசார் வழி.
ஒன்றும் வாயில் நிற்கவில்லை.
கேட்டுட்டு.

இதை எழுதுகிறவள் யாரென்றும் சொல்லவேண்டும்.

போன தைப்பொங்கலுக்கு முதல் கிழமை
சேலை மூட்டையோடு ஒருவனைப் பிடித்தார்கள்.
சடையாண்டி. திண்டுக்கல் பக்கம்.
சுற்றுலா விசாவில் வந்து
படுவான்கரை மட்டும் சைக்கிளில் போய்த்
தவணைக்கு விற்றவன்.
கொழும்பு அதிகாரிக்குத் தமிழ் இல்லை,
அவனுக்குச் சிங்களம் இல்லை,
நடுவில் என்னை இருத்தினார்கள்.
அதிகாரிக்கு மூன்று மணிக்கு பஸ்.

சடையாண்டி எட்டு வசனம் சொன்னான்.
நான் ஒன்று சொன்னேன்:
குற்றத்தை ஒத்துக்கொள்கிறார்.

மிச்சம் ஏழில் ஒன்று இது:
பொம்பளைங்க தரவேண்டிய காசு நிக்குது,
ஒரு வாரம் விட்டா வாங்கிட்டுப் போயிர்றேன்.

அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி.
மயில்கழுத்து நீலம். இரண்டு தவணை பாக்கி.
அவன் என்னை அடையாளம் கண்டான்.
அதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அவனுடைய தமிழ் எனக்கு நன்றாகவே விளங்கியது.

கிருபைநாதனுக்கு மனுக்காலம் முடிந்துவிட்டது.
அங்கே ஒரு வக்கீல் காசில்லாமல் பார்க்கிறாளாம்,
தபாலைத் திறப்பாளோ தெரியாது.
நாலாம் பதிலுக்கு நட்சத்திரம் போட்டு
அடிக்குறிப்பு எழுதத் தொடங்கினேன்.
ஒரு சொல்லுக்கு மூன்று பக்கம் போயிற்று.

காசு வேண்டாம் என்றேன்.
எண்ணி மேசையில் வைத்தான்.
"கணக்கு கணக்காயிரிக்கட்டும் அக்கா."

முத்திரையை மையில் அழுத்திக் குத்தினேன்.
ஈரம் காயுமட்டும் தாளைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
வட்டத்துக்குள் என் பெயர்.
கீழே, எப்போதும் உள்ளது:
உண்மையும் சரியுமான மொழிபெயர்ப்பு.